சீரம் பாட்டிலுக்கு 15,000 ரூபாய் ஈஎம்ஐயா?

முகத்துல பரு வடு இருக்கிறவங்களுக்கு அந்த ஆசை புரியும். எனக்கும் இருக்கு. அப்படித்தான் போன மாசம் ஒரு கிளினிக்ல போய் உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்துல பேக்கேஜ் ரெடி. "ஆறு சிட்டிங், சீரமோட 36,000 சார். நோ காஸ்ட் ஈஎம்ஐ, மாசம் 3,000தான்."

சீரம் இல்லாம எவ்வளவுன்னு கேட்டேன். 21,000.

அப்போ 15,000 ரூபாய் அந்தக் குட்டி பாட்டிலுக்கு மட்டும்!

மைக்ரோநீட்லிங்ல வேலை செய்யறது ஊசிதான். அது போடுற நுண்ணிய காயங்கள் ஆறும்போது புது கொலாஜன் உருவாகும். 2018-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஸ்கின்பென் கருவியை அனுமதிச்சதும் பரு வடுவுக்குத்தான். இப்போ வர்ற சில கருவிகள் குத்தும்போதே சீரத்தையும் உள்ளே இறக்குது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கடையில விக்கிற சீரம் தோலுக்கு மேல தடவத் தயாரிச்சது. அதுல வாசனைப் பொருள், ப்ரிசர்வேட்டிவ் எல்லாம் இருக்கலாம். அதையெல்லாம் தடுக்கிற மேல்தோல்லதான் ஊசி ஓட்டை போடுது. 2014-ல் 'ஜாமா டெர்மட்டாலஜி' இதழ்ல, மைக்ரோநீட்லிங் செஞ்சுக்கிட்ட மூணு பெண்களுக்கு முகத்துல கிரானுலோமா, அதாவது அழற்சிக் கட்டிகள், வந்த கதை பதிவாகியிருக்கு. ஊசியோட சேர்த்துத் தடவின பொருள் மேலதான் சந்தேகம்.

அழகு சிகிச்சையை ஹெல்த் இன்ஷூரன்ஸ் பொதுவா கவர் பண்ணாது. அதனால பக்கவிளைவு வந்தா கிளெய்ம் பண்ணிக்கலாம்னு நம்பி இறங்காதீங்க.

இப்போ ஈஎம்ஐக்கு வருவோம். ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ஆர்பிஐ 2013-லேயே சொல்லிடுச்சு. வட்டி விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம், ப்ராசஸிங் ஃபீயா வரலாம். மொத்தமா கட்டினா எவ்வளவு குறைப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பாதி வெளிய வந்துடும்.

ஆனா என் பயம் வட்டி இல்லைங்க. ரெண்டாவது சிட்டிங்ல முகம் சிவந்து வீங்கி, போதும்டா சாமின்னு நிறுத்திட்டீங்கன்னு வைங்க. கடன் கொடுத்தவனுக்கு உங்க முகம் எப்படி இருந்தா என்ன? மாசாமாசம் 3,000 போய்ட்டேதான் இருக்கும். கட்டலைன்னா சிபில் ஸ்கோர்ல அடி. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அதுவும் கூடவே வரும்.

ஏற்கெனவே ஆப்ல லோன் போட்டுட்டீங்களா? டிஜிட்டல் கடனுக்கு கூலிங்-ஆஃப் காலம் உண்டு, அதுக்குள்ள அபராதம் இல்லாம திருப்பிக் கட்டிட்டு வெளிய வரலாம். எத்தனை நாள்னு உங்க லோன் பேப்பர்ல இன்னைக்கே பாருங்க.

நான் என்ன செஞ்சேன்? வேற ஒரு தோல் மருத்துவர்கிட்ட போனேன். ஒரே ஒரு சிட்டிங், சீரம் இல்லாம, 4,000 ரூபாய், யுபிஐல. அடுத்ததுக்குப் போறதா வேண்டாமான்னு ஒரு மாசம் கழிச்சு கண்ணாடியைப் பார்த்துட்டு முடிவு பண்ணிக்கிறேன்.