படகில் தண்ணீர் புகுந்தாலும் மூழ்காமல் இருக்க முடியுமா?

மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்கு 100,000க்கும் அதிகமானோர் உயிரிழப்பதாக 2022இல் வெளியான அனைத்துலக ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

மீன்பிடிக் கப்பல்களின் பாதுகாப்புக்கான கேப் டவுன் உடன்பாடு 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கே பொருந்தும். கரையோர மீனவர்களின் சிறு படகுகள் அதில் அடங்கா.

அப்போ, சிறு படகு பாதுகாப்பா இருக்க என்ன செய்யணும்? தமிழ்நாட்டுக் கரையைப் பாருங்கள்.

கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை?

ரொம்ப எளிமையான காரணம்தான். மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது அது. அலை மேலே ஏறினாலும் இடைவெளி வழியே தண்ணீர் வழிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், மீனவர் பிடித்துக்கொள்ளலாம்.

ஃபைபர் படகில் என்ன சிக்கல்?

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் அங்கு வேகமாகப் பெருகின. அவை விரைவாகச் செல்லும், அதிக மீன் ஏற்றும். ஆனால் கண்ணாடியிழை தண்ணீரைவிடக் கனமானது. உள்ளே தண்ணீர் நிறைந்தால் படகு மூழ்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 கிலோகிராம் எடையுள்ள ஃபைபர் படகை முழுவதும் நீரில் அமிழ்த்தினால், தண்ணீர் சுமார் 200 கிலோகிராமைத்தான் தாங்கும். மீதமுள்ள 100 கிலோகிராமுக்குக் குறைந்தது 100 லிட்டர் அளவுக்கு நுரைப்பஞ்சு வேண்டும். இயந்திரத்துக்கும் ஆட்களுக்கும் அதற்கு மேலும் தேவை.

நுரைப்பஞ்சை எங்கே வைக்கணும்?

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

- அடித்தளத்தில் மட்டும் வைத்தால், தண்ணீர் நிறைந்த படகு எளிதில் குப்புறக் கவிழும்.
- இரு பக்கங்களிலும் விளிம்பை ஒட்டி உயரத்தில் வைத்தால், படகு நிமிர்ந்தே மிதக்கும். ஆட்கள் உள்ளேயே இருந்து தண்ணீரை இறைக்கலாம்.
- சாதாரண தெர்மோகோலைப் பெட்ரோல் கரைத்துவிடும். அதனால் எரிபொருள் படாதபடி அதை மூடி அடைக்க வேண்டும்.

வேறென்ன உதவும்?

- கவிழ்ந்த படகைப் பற்றிக்கொள்ள வெளிப்பக்கத்தில் கயிறு
- தேடி வருவோர் கண்ணில் படும்படி அடிப்பகுதிக்கு ஆரஞ்சு நிறம்
- இயந்திரம் நின்றுபோனால் கைகொடுக்கத் துடுப்பு அல்லது சிறிய பாய்

பிறகு ஏன் எல்லாப் படகிலும் இவை இல்லை?

நுரைப்பஞ்சுக்குப் பணம் செலவாகும். மீனுக்கான இடமும் குறையும். வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது, விலைதான் தெரியும். எனவே அதைக் குறைத்துக் கட்டுபவரின் படகு மலிவாக விற்கும்.

12 மீட்டருக்கும் குறைவான படகுகளுக்கு ஐக்கிய நாட்டு உணவு, வேளாண் நிறுவனம் மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து பரிந்துரைகளை வெளியிட்டுள்ளது. ஆனால் அவை கட்டாயமல்ல. உள்ளூர்ச் சட்டம் ஏற்றால்தான் அவற்றுக்கு வலு.

விலை கொடுக்குமுன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கரையோரம், இடுப்பளவு நீரில் படகை நிறுத்துங்கள். இயந்திரத்தின் எடையை ஏற்றி, உள்ளே தண்ணீரை நிரப்புங்கள். நிமிர்ந்து மிதந்தால் வாங்கலாம். மூழ்கினால், அது கரையிலேயே தெரிந்தது நல்லதுதானே?