பந்தி விசாரிக்கிறவர்கள் யார்?

வார தியானம்: அப்போஸ்தலர் 6:1-6



மிஷனரி ஞாயிறு நெருங்கிவிட்டது. ஆலய வாசலில் வைக்கும் படப்பலகையை வாலிபர் சங்கத்தார் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். வடக்கே மலைநாட்டில் நம்முடைய காணிக்கையால் தாங்கப்படும் ஊழியத்தின் படங்கள் அதில் இடம்பெறும். தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் பெண்கள், சட்டையில்லாத சிறுவர்கள், மூங்கில் தட்டியால் எழுப்பிய ஜெபவீடு. கடந்த ஆண்டும் இவையே இருந்தன. அவற்றின்முன் நின்று நீங்கள் உருகினீர்கள், நானும் உருகினேன். ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களில் ஒருவருடைய பெயரையாவது நம்மில் எவரும் கேட்டதில்லை.

இந்த வாரம் நான் எழுதப்போவது சிலருக்குக் கசக்கும். மிஷனரி கமிட்டிகளில் அமர்ந்திருப்போருக்கு இன்னும் அதிகமாகக் கசக்கும். அத்தகைய ஒரு கமிட்டியில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்கும் அது கசப்பே.

வேதபகுதியை வாசித்துவிட்டு மேலே படியுங்கள். எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுந்தது. கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். பங்கிட்டவர்கள் கெட்டவர்கள் என்று லூக்கா எழுதவில்லை. அவர்கள் எபிரெயர்கள், தங்கள் மொழி பேசிய விதவைகளின் குறை அவர்கள் காதில் எளிதாக விழுந்தது, மற்றவர்களுடைய குறை விழவில்லை. அப்போஸ்தலர்கள் அப்போது செய்ததைப் பாருங்கள். கண்காணிப்பை இறுக்கும்படி பழைய பங்கீட்டாளர்களுக்கு அவர்கள் கட்டளையிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையையே கேட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது. பணப்பை யாருடையது என்று அங்கே ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் இப்பகுதியை வாசிக்கும் நாம் இந்த ஏழு பெயர்களை வேகமாகக் கடந்துபோய்விடுகிறோம். பிரசங்கம் செய்கிற நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்துபோனேன்.

ஒரு காலத்தில் படப்பலகையில் இருந்தவர்கள் நாமே என்பதை நினைவுகூருங்கள். 1810-ல் போஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த அமெரிக்கன் போர்டு, யாழ்ப்பாணத்தின் வழியாக 1834-ல் மதுரைக்கு வந்தது. நம் திருமங்கலத்தில் 1842-ல் அவர்கள் தொடங்கிய கல்விச்சாலையே 1845-ல் பசுமலைக்குப் பெயர்ந்தது. குண்டாற்றங்கரையில் இருந்த நம் முப்பாட்டன்மாரைப் பற்றிய அறிக்கைகள் கப்பலேறி போஸ்டனுக்குப் போயின. அங்கே ஓர் அறையில் கனவான்கள் சிலர் கூடி, எங்கே பள்ளி வேண்டும், எங்கே வேண்டாம், எந்த மொழியில் பாடம் என்று தீர்மானித்தார்கள். அவர்களில் ஒருவரும் நம் மண்ணில் பிறந்தவரல்லர். அவர்கள் தேவபக்தியுள்ளவர்கள், பண ஆசை இல்லாதவர்கள், நம்மை நேசித்தவர்கள். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்லுகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் இந்த வலைப்பக்கத்தை எழுத எனக்கு எழுத்தறிவு வாய்த்திருக்குமோ என்னவோ!

ஆயினும் அந்த நல்லவர்கள் கூடிய அறையில் நடந்த இரண்டு காரியங்களைச் சொல்லாமல் விடமாட்டேன்.

முதலாவது, செரோக்கி மக்களைப் பற்றியது. அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளாகிய அவர்களிடையே அமெரிக்கன் போர்டு 1817 முதல் ஊழியம் செய்தது. அவர்களுடைய மொழிக்கு அவர்களில் ஒருவரான செக்கோயா எழுத்து வகுத்திருந்தார். அந்த எழுத்தில் நூல்களை அச்சிட மிஷனரி சாமுவேல் உஸ்டர் துணைநின்றார். ஜார்ஜியா மாநிலமோ அவர்களுடைய நிலத்தை விழுங்கத் துடித்தது. போர்டின் செயலாளராயிருந்த ஜெரமையா எவர்ட்ஸ் 1829-ல் புனைபெயரில் 24 கட்டுரைகள் எழுதி, அவர்களை வெளியேற்றுவது அநியாயம் என்று நாடெங்கும் முழங்கினார். 1831-ல் அவர் மரித்தார். அதே ஆண்டில், மாநில அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததற்காக உஸ்டர் கைதாகி, நான்கு ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். உடன் தண்டனை பெற்ற மற்றவர்கள் மன்னிப்பை ஏற்று வெளியேற, உஸ்டரும் எலிசூர் பட்லரும் மட்டும் மறுத்துச் சிறை புகுந்தார்கள். 1832 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜார்ஜியா அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்த இடத்தில்தான் போஸ்டன் அறை பேசியது. தேசத்தில் உள்நாட்டுக் கலகம் மூளும் என்ற அச்சம் அப்போது இருந்தது. வழக்கை மேலும் நடத்துவது உசிதமல்ல என்று 1832 டிசம்பரில் செயற்குழு கருத்துரைத்தது. அடுத்த மாதம் இருவரும் வழக்கைக் கைவிட்டு விடுதலையானார்கள். சிறையிலிருந்த வெள்ளையர் இருவருக்கும் வாசல் திறந்தது. நிலத்தின் சொந்தக்காரர்களுக்கு அடைபட்டது. 1838-ல் அம்மக்கள் படைவீரர்களால் வீட்டிலிருந்து பிடுங்கப்பட்டு மேற்கே நடத்தப்பட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போர்டு வழக்கைத் தொடர்ந்திருந்தால் இதைத் தடுத்திருக்க முடியும் என்று நான் வாதிடவில்லை. யாருடைய நிலத்தைப் பற்றிய வழக்கோ அவர்களுடைய வாக்கு அந்த அறையில் எண்ணப்படவில்லை என்பதே என் வழக்கு.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். கனெக்டிகட்டில் கார்ன்வால் என்ற ஊரில் போர்டு ஒரு பள்ளி நடத்தியது. செரோக்கி இளைஞர்கள் அங்கே பயின்று விசுவாசத்தில் வளர்ந்தார்கள், சபையார் மகிழ்ந்தார்கள். எலியாஸ் புடினோ என்ற செரோக்கி மாணவர் அவ்வூரின் வெள்ளைக்காரக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை மணக்கப்போகிறார் என்று தெரிந்தவுடன் ஊர் கொதித்தது. கொடும்பாவி எரித்தார்கள்; பெண்ணின் உடன்பிறந்தவனே நெருப்பு வைத்தான். பள்ளி விரைவில் மூடப்பட்டது. ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணலாம், சம்பந்தம் மட்டும் கூடாது! இதை வாசித்து அமெரிக்கரைப் பழிக்க மதுரைச் சீமையில் எவருக்கு வாயிருக்கிறது? கல்யாண ஓலை வாசிக்கும் பீடத்தில் நிற்கிற எனக்கு நம் வீடுகளின் கதை தெரியும்.

இரண்டாவது காரியம் நமக்கு இன்னும் நெருக்கமானது. போர்டின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1855-ல் தூதுக்குழுவாக இங்கே வந்தார். அவர் சிறியவரல்லர். சுதேச சபைகள் தங்களைத் தாங்களே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்று அக்காலத்திலேயே வலியுறுத்தியவர். தமிழ்ப் போதகர்கள் பீடம் ஏறவேண்டும் என்று அழுத்திச் சொன்னவரும் அவரே. தாய்மொழியே போதும், ஆங்கிலக் கல்வி பிள்ளைகளை அரசாங்க உத்தியோகத்துக்கே இழுத்துச்செல்லுகிறது என்று அவர் எண்ணினார். விளைவாக, யாழ்ப்பாணத்தில் 1823 முதல் விளங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855-ல் மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் பயின்ற இடம் அது. நம் பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய தாமோதரனாரை வளர்த்த பள்ளியை, நீங்கள் சுயாதீனம் பெறவேண்டும் என்று சொன்னவரே மூடவைத்தார். விசித்திரம் அல்லவா? யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஓயவில்லை. அவர்களுடைய முயற்சியால் 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. தங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

இப்பொழுது நம் காரியத்துக்கு வருகிறேன்.

இன்று தமிழ்நாட்டுச் சபைகள் வடக்கே அனுப்பும் பணமும் ஆட்களும் குறைந்தவை அல்ல. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது முதல் இது நமக்குப் பெருமையான பாரம்பரியம். கடல் கடக்கவில்லையே, இது அந்நிய ஊழியமா என்று கேட்பீர்கள். நம் மொழியும் சோறும் தெரியாத மலைக்கிராமத்தாருக்கு நாம் அந்நியரே. போஸ்டன் நமக்கு எவ்வளவு தூரமோ, திருமங்கலம் அவர்களுக்கு அவ்வளவு தூரம். நான் அறிந்த கமிட்டிகளில் அமர்ந்திருப்போர் யார்? ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், போதகர்கள், பெரும் நன்கொடையாளர்கள். எல்லாரும் தெற்கத்தியர்.

நான் இருந்த கமிட்டியின் ஒரு கூட்டத்துக்கு மலைக்கிராமச் சபையின் மூப்பர் ஒருவர் வந்திருந்தார். ஆண்டு விழாவில் சால்வை போர்த்துவதற்காக அழைக்கப்பட்டவர். கூட்டம் முடியட்டும் என்று கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்தார். சமவெளி நகரத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு விடுதி கட்டுவதென்று அன்று தீர்மானித்தோம். மொழிபெயர்ப்பாளர் அதை அவர் காதில் சொன்னார். அவர் எழுந்தார். விடுதிக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரும்போது பாட்டியோடு பேச மொழியில்லாமல் நிற்கிறார்கள், கட்டடம் வேண்டாம், எங்கள் ஊரிலேயே தங்குகிற ஓர் ஆசிரியரைத் தாருங்கள் என்றார். தலைவர் புன்னகையோடு தலையசைத்தார். அடுத்த பொருளுக்குப் போனோம். அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ‘மலைவாழ் சகோதரர் நன்றி தெரிவித்துப் பேசினார்’ என்று பதிவாகியிருக்கிறது. அதை எழுதிய செயலாளன் நான்.

கணக்கு வழக்கு அவர்களுக்குத் தெரியாது, இன்னும் பக்குவம் வரவில்லை என்று ஒருவர் சொல்லுவார். நம் பாட்டன்மாரைக் குறித்தும் இதையே எழுதினார்கள், சொற்கள்கூட மாறவில்லை. கணக்கு தெரியாவிட்டால் கற்றுக்கொடுப்பதற்குத்தானே கமிட்டி? பணம் கொடுக்கிறவனுக்கே கேட்கும் உரிமை என்று இன்னொருவர் சொல்லுவார். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகையில் பவுலும் கணக்கில் களங்கம் வராதபடி சபைகள் நியமித்தவர்களை உடன் அழைத்துப்போனான். கணக்குக் கேட்பது வேறு. இன்னொருவனுடைய பிள்ளை எங்கே உறங்கவேண்டும் என்று தீர்மானிப்பது வேறு. இங்கிருந்து போய் மலேரியாவில் படுத்தெழும்பி ஊழியம் செய்கிறவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களும் அந்த மேசையில் இல்லை.

திருநெல்வேலிச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா 1910-ல் எடின்பர்க் மாநாட்டில், உலகத்தின் மிஷனரித் தலைவர்களை முகத்துக்குமுன் வைத்து, நீங்கள் செய்த தியாகங்களுக்கெல்லாம் நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவையில் பலருக்கு அது கசந்தது. நமக்கு அது இனிக்கிறது, ஏனெனில் பேசியவர் நம்மவர். இன்று அதே வார்த்தை மலையிலிருந்து நம்மை நோக்கி வந்தால் சால்வையைப் போர்த்தி உட்காரவைத்துவிடுவோம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் சேகரக் கமிட்டி கூடுகிறது. விடுதியின் இரண்டாம் மாடிக்காக நம்மிடம் கேட்கப்பட்டிருக்கும் தொகை பொருள்நிரலில் இருக்கிறது. ஊழியர்களின் மாதப் படியில் ஒரு ரூபாயும் குறையக்கூடாது என்பதில் நான் உறுதியாயிருக்கிறேன். கட்டடத் தொகையை மட்டும், அக்கிராமச் சபை தன் கையெழுத்தில் தனக்கு வேண்டியதை எழுதி அனுப்பும்வரை நிறுத்திவைக்க முன்மொழிவேன். ஊழிய சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அந்த மக்களில் எத்தனை பேர் வாக்குரிமையோடு இருக்கிறார்கள் என்று கேட்கும் கடிதமும் ஆயத்தமாயிருக்கிறது. போதகர் அறை மேசைமேல் வைத்திருக்கிறேன். வாசித்து, சம்மதமானால் கையொப்பமிடுங்கள். சம்மதமில்லாவிட்டால் கூட்டத்துக்கு வந்து எதிர்த்துப் பேசுங்கள். அதன் இந்திப் பிரதி ஒன்றை, நம் சபையிலுள்ள ரயில்வே சகோதரர் பெயர்த்துத் தந்திருக்கிறார். அது அந்த மூப்பரின் பெயருக்கே நேராகத் தபாலில் போகிறது. அவர் அன்று பேசியது என்ன என்பதையும் அதில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.