பருப்புக் காசு டப்பாவுக்குப் போகிறது

சனிக்கிழமை சாயங்காலம். தாயில்பட்டி டீக்கடை பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்தோம். பட்டாசு ஆலை வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. சம்பள நாள் ஆகையால் எல்லாருடைய முகத்திலும் கொஞ்சம் தெளிச்சி. நமக்கு அறிமுகமான ஒரு அம்மாள் கையில் பையோடு வந்தார். நகக் கண்களில் அலுமினியப் பொடி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. பைக்குள் ஒரு டப்பா. பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கும் பவுடர்.

“பய மெலிஞ்சுக்கிட்டே போறான் அண்ணாச்சி. புரோட்டீன் பத்தலையாம். இதை வாங்கிக் குடுன்னு சொன்னாக. டிவியிலயும் இதைத்தான காட்டுறாக” என்றார்.

அரைக் கிலோ டப்பா. அவருடைய ஒரு நாள் கூலியில் பெரும் பங்கை அது விழுங்கியிருந்தது. “பருப்பு வாங்கியாச்சா தாயீ?” என்று கேட்டோம். “அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்” என்றார்.

அதே பெஞ்சில் இருந்த ஒரு வாலிபர் சிரித்தார். அவர் ராஜபாளையம் பக்கத்து மில்லில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அவர் கதை இன்னும் பெரிது. உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்கள் என்று 2500 ரூபாய்க்கு ஒரு கிலோ புரோட்டீன் பவுடரைக் கடன் வைத்து வாங்கியிருக்கிறார். மாதம் பிறந்தால் அடுத்த டப்பா.

இந்த இருவரையும் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. பிள்ளைக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தாய் நினைக்கிறாள். உடம்பைப் பலமாக வைத்துக்கொள்ள வாலிபன் நினைக்கிறான். இரண்டும் நியாயமான ஆசைகள். அந்த ஆசையில் கை வைத்துக் காசு பறிக்கிறவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு மனிதனுக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம். 50 கிலோ எடையுள்ள தொழிலாளிக்குச் சுமார் 42 கிராம். கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேல் 22 கிராம் கூடுதலாக வேண்டும்.

இந்த 42 கிராம் எங்கே கிடைக்கும்? உடலுழைப்பு செய்கிறவர் ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டால் அதிலேயே 30 கிராம் அளவுக்குப் புரதம் வந்துவிடுகிறது. ஆனால் அரிசியின் புரதத்தில் ஒரு குறை உண்டு. லைசின் என்ற சத்து அதில் போதாது. அந்தக் குறையைப் பருப்பும் பயறும் தீர்க்கின்றன. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனைன் என்ற சத்தைத் தானியம் தருகிறது. தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்று சேர்த்துச் சாப்பிட்டால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். 60 கிராம் பருப்பில் 13 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கை வேர்க்கடலையில் 7 கிராம். தேவைக்கு மேலேயே வந்துவிட்டது. இதில் எந்த டப்பாவும் இல்லை.

நம் கரிசல் பூமி ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பங்கூழும் காணத் துவையலும், சோளச் சோறும் தட்டாம்பயற்றுக் குழம்பும், குதிரைவாலிச் சோறும் நெத்திலிக் கருவாடும் என்று நம் பாட்டிமார் ஜோடி சேர்த்து வைத்தவைதான் இவை. 100 கிராம் கம்பில் 11 கிராம் புரதம்; அரிசியில் 8 கிராம்கூட இல்லை. கம்பைக் கைவிட்டதில் நமக்கு நஷ்டம்தான். அது வேறு கதை.

இப்போது அந்த அம்மாளின் டப்பாவுக்கு வருவோம். டப்பாவின் முன்பக்கத்தில் ஓடுகிற பையன் படம் இருக்கிறது. முதுகைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். இந்த வகை மால்ட் பவுடர்கள் பலவற்றில் 100 கிராமுக்கு 7 முதல் 11 கிராம் வரைதான் புரதம். வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம். துவரம்பருப்பில் 22 கிராம். இரண்டு கரண்டி பவுடரில் பிள்ளைக்குக் கிடைப்பது 2 அல்லது 3 கிராம். அதைக் கரைக்கிற ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் இருக்கிறது! பால் செய்கிற வேலைக்குப் பவுடர் பேர் வாங்கிக்கொள்கிறது. பவுடரில் தாராளமாக இருப்பது சர்க்கரை.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையதளக் கடைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின் கீழ் வைக்கக் கூடாது என்றது. காரணம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. ஹார்லிக்ஸ் விற்கும் கம்பெனியும் அதே மாதம் தன் பானத்தின் வகைப் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது; ஓடுகிற பையன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

வாலிபரின் டப்பா வேறு ரகம். அதில் புரதம் நிறைய உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். நல்ல சரக்காக இருந்தால் கிலோவுக்கு 700, 800 கிராம்கூட இருக்கும். நல்ல சரக்காக இருந்தால்! கேரளத்து மருத்துவர் ஒருவர் உள்ளிட்ட குழு நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் ‘மெடிசின்’ என்ற மருத்துவ ஏட்டில் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 70 சதவீதப் பவுடர்களில், மேலே எழுதிய புரத அளவு ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை விஷம். 8 சதவீதத்தில் பூச்சிமருந்தின் எச்சம். அதே 2024 மே மாதம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிட வேண்டாம் என்று அது சொல்கிறது. நீண்ட நாள் அதிக அளவில் சாப்பிட்டால் எலும்பின் சத்துக் குறையும், சிறுநீரகம் கெடும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது.

விலையைப் போட்டுப் பாருங்கள். வேர்க்கடலை கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிராம் புரதம் 60 பைசா. முட்டை ஏழு ரூபாய் என்றால் ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். வாலிபரின் பவுடர் 3 ரூபாய்க்கு மேல். அந்த அம்மாளின் அரைக் கிலோ டப்பா 250 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்து ரூபாய் ஆகிறது. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குப் போடுகிற துவரம்பருப்பிலோ வெறும் 14 பைசா!

கடலைக்காக ஒரு வார்த்தை நாம் சொல்லியாக வேண்டும். பூஞ்சை விஷம் கடலையிலும் வரும். ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த பருப்பை, கசக்கிற பருப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்தப் புரத வியாபாரம் நேற்று முளைத்ததல்ல. 1955-ல் ஐக்கிய நாடுகள் சபை புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. ஏழை நாடுகளில் புரதப் பஞ்சம் என்று உலகமெங்கும் பேச்சு எழுந்தது. நம் நாட்டிலும் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கூடத்தில் எண்ணெய் எடுத்த கடலை மாவு முக்கால் பங்கும் கடலைப்பருப்பு மாவு கால் பங்கும் சேர்த்து ஒரு சத்துப் பொடி செய்தார்கள். அதாவது, பவுடர் என்று வந்தபோதும் நம் காட்டுக் கடலைதான் அதற்கு ஆதாரம்! அதன் பிறகு டாக்டர் கோபாலன் போன்ற நம் நாட்டு நிபுணர்கள் குழந்தைகளின் சாப்பாட்டை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார்கள். வழக்கமான தானியமும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் போதாமல் இருப்பது மொத்தச் சாப்பாடே என்றார்கள். 1974-ல் டொனால்டு மக்லாரன் என்ற டாக்டர் ‘லான்செட்’ ஏட்டில் இந்தப் புரதப் பிரசாரம் முழுவதையுமே பெரும் தோல்வி என்று எழுதினார்.

இது ஏன் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். உடம்பு ஓர் அடுப்பு. வேலை செய்ய முதலில் அதற்கு எரிபொருள் வேண்டும். சோறு போதாவிட்டால் அது புரதத்தையும் எடுத்து எரித்துவிடும். காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு மருந்து செலுத்தும் அறைக்குப் போகிறவர், அரை வயிற்றோடு நாத்து நடப் போகிறவர், எத்தனை கரண்டி பவுடர் கலக்கிக் குடித்தாலும் அதில் ஒரு பங்கு விறகாகத்தான் போகும். கிராம் மூன்று ரூபாய் விறகு!

பவுடர் எல்லாம் விஷம் என்று நாம் சொல்லவில்லை. வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவும் பொடிதான், கேப்பையும் கடலை மாவும் வெல்லமும் கலந்தது, காசில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்காமல் விட்டுவிட்டுக் கடை டப்பாவுக்கு ஓடுகிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

ஆனால் அந்த அம்மாள் பருப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளினாரே, அது டப்பாவால் மட்டும் வந்த வினையா? 2018 அக்டோபரில் பட்டாசு பற்றிய சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. அதைத் தொடர்ந்து நவம்பரில் ஆலைகளை மூடினார்கள். 2019 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் நம் வீடுகளில் அரிசி நிற்கவில்லை. ரேஷனில் விலையில்லாமல் வந்தது. முதலில் முட்டை நின்றது. பிறகு குழம்பில் பருப்பு நின்றது. ரசமும் ஊறுகாயும் மிஞ்சின. மழைக் காலத்தில் வேலை குறையும்போதெல்லாம் இதே வரிசைதான். பையன் மெலிகிறான் என்றால் அந்த வரிசையில் எதுவரை நின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைக் கேட்காமல் டப்பாவைக் கைகாட்டி விடுகிறவர்களுக்கு என்ன கஷ்டம்? காசு அவர்களுடையதல்லவே!

ஆகவே கூலி உயர்வும் ஆண்டு முழுவதும் வேலையும் நம் கோரிக்கையில் முதலில் நிற்கின்றன. அதோடு ரேஷன் பருப்பையும் சத்துணவு முட்டையையும் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியிருக்கிறது. 2007 முதல் கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு வருகிறது. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது எத்தனை நாள் காணும்? 2024 மே மாதம் பல ஊர்களில் அதுவும் உரிய நாளில் வரவில்லை; ஜூனில் சேர்த்துத் தருவதாகச் சர்க்கார் சொல்ல வேண்டி வந்தது. இரண்டு கிலோவாக்கு, மாதம் பிறந்தவுடன் கொடு என்று நாம் கேட்கிறோம்.

முட்டை விஷயம் இன்னும் பெரியது. விருதுநகர்க்காரரான காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956-ல் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு விரிவடைந்தது. 1982-ல் அது சத்துணவுத் திட்டமாயிற்று. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து இன்று பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை. மற்ற ராஜ்யங்களைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் 2015-ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கூடாது என்று முதலமைச்சரே மறுத்துவிட்டார். மகாராஷ்டிரத்தில் 2025 ஜனவரியில் பள்ளி முட்டைக்கான பணத்தைச் சர்க்கார் நிறுத்திவிட்டது. பிள்ளை வாயில் இருக்கிற முட்டையைப் பறிப்பதற்கு ஒரு அரசாணை போதும். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முட்டை தினமும் வருகிறதா, அழுகாமல் வருகிறதா என்று பெற்றோர் வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அடுப்படியில் நிற்கிற சமையல்கார அம்மாளும் நம்மைப் போல உழைப்பாளிதான், மரியாதையாகப் பேசுங்கள்.

வாலிபரிடம் கடைசியாக ஒன்று சொன்னோம். உடற்பயிற்சியை விட வேண்டாம். டப்பாக் கடனை அடைத்த பிறகு அந்த 2500 ரூபாயில் மாதம் முழுக்கத் தினமும் இரண்டு முட்டை, ஒரு கை அவித்த கடலை, அரை லிட்டர் பால் சாப்பிட்டால்கூடக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அவர் செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

“அப்ப இந்த டப்பாவை என்ன செய்யட்டும் அண்ணாச்சி?” என்று அந்த அம்மாள் கேட்டார். பில் இருக்கிறதா, இன்னும் பிரிக்கவில்லையே என்று கேட்டோம். பில் பைக்குள்ளேயே கிடந்தது. அவர் எழுந்து கடையைப் பார்த்து நடந்தார். கடைக்காரர் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு துவரம்பருப்பும் பாசிப்பயறும் கொடுத்தார் என்று மறுநாள் கேள்விப்பட்டோம்.