பிழைக்கப் போனவரிடம் இன்னொரு வசூலா?

வளைகுடா நகரங்களில் வேலை செய்யும் பிலிப்பினோக்களின் பாஸ்போர்ட் புதுப்பிப்பைத் தனியார் மையங்களிடம் விட்டு, அரசுக் கட்டணத்துக்கு மேல் ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக வாங்கவும் அனுமதித்த முடிவை மணிலா மறுபரிசீலனை செய்தே ஆகவேண்டும். பாஸ்போர்ட் கொடுப்பது ஓர் அரசு தன் குடிமக்களுக்குச் செய்தாக வேண்டிய கடமை. அந்தக் கடமையைச் செய்ய நடுவில் ஒரு வியாபாரியை உட்கார வைத்துவிட்டு, அதற்கான செலவையும் தொழிலாளியின் தலையில் கட்டுவது எந்த வகையில் நியாயம்?

கணக்கைப் பார்ப்போம். பிலிப்பைன்ஸுக்குள் பாஸ்போர்ட் எடுக்க 950 பெசோ போதும். அவசரமாக வேண்டும் என்றால் 1,200 பெசோ. அதே பாஸ்போர்ட்டை வெளிநாட்டில் புதுப்பித்தால் 60 டாலர், அதாவது உள்நாட்டுக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வெளிநாடு போகும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் 400 டாலராவது சம்பளம் வேண்டும் என்று மணிலாவே 2006-ல் விதித்தது. அந்தச் சம்பளத்தில் 60 டாலர் என்பது நாலரை நாள் உழைப்பு. இத்தனையும் வாங்கிக்கொண்ட பிறகு, அதற்கு மேலும் ஒரு சேவைக் கட்டணம்.

அப்படி என்ன சேவை? விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், கைரேகை பதிகிறார்கள். அவ்வளவுதான். பாஸ்போர்ட் அச்சாவது பிலிப்பைன்ஸில்தான். அங்கிருந்து வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பணம் கூடியதே தவிர அந்தக் காத்திருப்பு குறையவில்லை. இதற்கிடையே பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டால் இகாமா என்ற வசிப்பு அனுமதியின் புதுப்பிப்பு நிற்கும், விசா நிற்கும், ஊரில் தாய் இறந்தாலும் விமானம் ஏற முடியாது. தாமதம் அரசுடையது, அதன் தண்டனை மட்டும் தொழிலாளிக்கு.

தூதரகம் எட்டாத ஊர்களுக்கு மையங்கள் அருகில் வந்திருக்கின்றன என்பது உண்மை. அபாவில் இருப்பவர் ஜெட்டாவுக்கும், தம்மாமில் இருப்பவர் ரியாதுக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைவது கொடுமைதான். ஆனால் அந்த அலைச்சலைப் போக்க வேண்டிய அரசு, தன் ஊழியரை அனுப்பாமல் கட்டணச் சீட்டை அனுப்பியிருக்கிறது. வேண்டுமானால் தூதரகத்துக்கே வரலாமே என்று சொல்வதும் எடுபடாது. தூதரகத்தில் முன்பதிவு நாள் கிடைக்காதவருக்கு அது வெறும் வாய்ப்பேச்சு. வாரத்துக்கு ஒரு நாள் விடுப்புகூட இல்லாத, பாஸ்போர்ட்டையே முதலாளி வாங்கி வைத்திருக்கும் பணிப்பெண்ணுக்கு இதெல்லாம் பெயரளவு உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 மார்ச் 17-ல் ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பிலிப்பினோ பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற அரசு போதிய முயற்சி எடுக்கவில்லை என்று நாடே கொதித்தது. வெளியுறவுச் செயலர் பதவி விலக நேர்ந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் அதே ஆண்டின் 8042-ஆம் எண் சட்டம். வெளிநாடு சென்ற தொழிலாளரிடம் அரசு அலுவலகங்கள் வாங்கும் கட்டணங்கள் அன்றிருந்த அளவைத் தாண்டக் கூடாது என்று அதன் 36-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்குவது அரசு அல்ல, தனியார் மையம்தான் என்று இன்று சமாதானம் சொல்லலாம். ஓர் உயிர் போன பிறகு எழுதிய சட்டத்தை இப்படிச் சுற்றிக்கொண்டு போவது வெட்கக்கேடு.

மணிலாவின் அதிகார நாற்காலிகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1982-ல் 857-ஆம் நிர்வாக ஆணை வந்தது. பணிப்பெண்கள் சம்பளத்தில் பாதியையும், கப்பல் ஊழியர்கள் 80 விழுக்காட்டையும் வங்கி வழியாகத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படாது. குடிமகனின் அடையாளத்தையே அவன் கழுத்தில் கயிறாகக் கட்டிய ஆணை அது. ஹாங்காங்கில் பணிப்பெண்கள் சங்கமாகத் திரண்டு போராடிய பிறகே 1985-ல் தண்டனைகள் நீக்கப்பட்டன.

பாடம் கற்றார்களா? 2020-ல், பெருந்தொற்றில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து நின்ற நேரத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர் வருமானத்தில் 3 விழுக்காட்டை மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டாயமாகச் செலுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்கள். லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கொந்தளித்த பிறகுதான், விருப்பப்பட்டவர் கட்டலாம் என்று இறங்கி வந்தார்கள். முதலில் கை நீட்டுவது, எதிர்ப்பு வந்தால் பின்வாங்குவது, அடங்கியதும் வேறு பெயரில் மறுபடி நீட்டுவது! நாற்பது ஆண்டுகளாக இதுவே வாடிக்கை. முடிவெடுப்பவர்கள் மாறுகிறார்கள், எடுக்கும் முடிவு மட்டும் மாறுவதில்லை.

இதே தொழிலாளர்களைத்தான் 1988-ல் ஹாங்காங்கில் அதிபர் கொரசோன் அகினோ ‘புதிய நாயகர்கள்’ என்று போற்றினார். 2024-ல் அவர்கள் வங்கிகள் வழியாக அனுப்பிய பணம் 3,400 கோடி டாலருக்கும் மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 7.5 விழுக்காடு. இவ்வளவு அனுப்புகிறவர்களுக்குக் கவுன்டரில் உட்கார நான்கு ஊழியரை நியமிக்கக் காசில்லை என்றால் யார் நம்புவார்கள்? நாயகர் என்று மேடையில் மாலை போட்டுவிட்டு, படி இறங்கியதும் சில்லறை பிடுங்குகிறவர்களுக்கு அந்தச் சொல்லை உச்சரிக்கவே தகுதியில்லை.

மனம் இருந்தால் முடியும். பணிப்பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுப்பு என்பதால் ஹாங்காங் துணைத் தூதரகம் அன்று கதவைத் திறந்து வைக்கிறது. அந்தக் கரிசனம் ரியாதிலும் துபாயிலும் வேண்டாமா? வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களும் தங்கள் பாஸ்போர்ட்டுக்காக இதுபோன்ற தனியார் மைய வரிசைகளில்தான் நிற்கிறார்கள். அடுத்த வரிசையில் நிற்பவரின் வலி நமக்கும் தெரியும்.

மணிலா உடனடியாக விழித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சேவைக் கட்டணத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். தொழிலாளியைத் தேடிச் சென்று சேவை செய்யும் முறையை வகுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். யோசிக்க அவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன.