துப்பாக்கிச் சின்னம் தாங்கிய மிதிவண்டி

பி.எஸ்.ஏ. என்னும் மூன்று எழுத்துகளை அறியாதார் நம் பகுதியில் அரியர். காட்டுமன்னார்கோயிலுக்கு நெல்மூட்டை ஏற்றிச் சென்றவரும், வீராணம் ஏரிக்கரை வழியே பள்ளி சென்ற பிள்ளைகளும் அப்பெயரைப் பார்த்தே வளர்ந்தனர். எனினும் அதன் விரிவைக் கேட்டால் பலர் திகைப்பர். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். அதாவது, பர்மிங்காம் நகரத்துச் சிறுபடைக்கலத் தொழிலகம். 1861-இல் துப்பாக்கி செய்வதற்கென்றே தோன்றிய அந்நிறுவனம் 1880 வாக்கில்தான் மிதிவண்டித் தொழிலில் இறங்கிற்று. அதன் பழைய வண்டிகளில், ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே சின்னமாக விளங்கின.

இரண்டாம் உலகப் போரின்போது அந்நிறுவனம் வான்குடைப் படையினருக்கென ஒரு மடக்கு மிதிவண்டியைச் செய்தளித்தது. வளைந்த இரட்டைக் குழாய்களாலான சட்டம். அதில் இரு கீல்கள். காது வைத்த திருகுகளைத் தளர்த்தினால் வண்டி இரண்டாக மடியும். பெடலுக்குக் கட்டை இல்லை. உள்ளே தள்ளிவிடத்தக்க வெறும் முளைகளே உண்டு. எடை ஏறத்தாழ 15 கிலோ. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவை உருவாயின. 1944-இல் நார்மண்டிக் கரையில் வீரர்கள் இதனைத் தோளில் சுமந்து இறங்கினர். இன்று மேனாட்டில் இதனைத் தேடிச் சேர்ப்போர் பலர். சுவிட்சர்லாந்துப் படையின் 1905-ஆம் ஆண்டு வண்டிக்கும் அவ்வாறே மதிப்பு மிகுதி. அந்நாடு தன் மிதிவண்டிப் படைப்பிரிவை 2003-இல்தான் கலைத்தது!

இவை யாவும் நமக்கு எட்டாத கதைகள். ஆனால் நம்மவர் வாழ்வில் நேராகவே உருண்டு சென்ற போர் மிதிவண்டி ஒன்று உண்டு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழருள் தஞ்சை, திருச்சி, தென்னார்க்காட்டு மக்கள் ஏராளம். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எழுபதே நாள்களில் தீபகற்பம் முழுவதையும் அவர்கள் கடந்ததற்கு மிதிவண்டியும் ஒரு காரணம். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். டயர் கிழிந்தபின் வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசையைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிர்ப்படை மயங்கியது என்று ஜப்பானியப் படை அதிகாரி மசனோபு சுஜி தம் நூலில் எழுதுகிறார்.

அவ்வண்டிகள் எங்கிருந்து வந்தன? போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மலிவாய் விற்பனையாகியிருந்தன. ஆதலால் உதிரிபாகங்களுக்குக் குறைவில்லை. போதாதவற்றைக் குடிமக்களிடமே பறித்துக்கொண்டனர். பால் கறந்து விற்கப் போனவனின் வண்டி, தோட்டத்துக் கிராணியின் வண்டி, எல்லாம் ஒரே நாளில் போர்க்கருவியாயின. வண்டியைப் பறிகொடுத்தவருள் பலர் அடுத்த யாண்டில் தம்மையே பறிகொடுத்தனர். பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காய்ச்சலாலும் பட்டினியாலும் மாண்டனர். அக்கொடுமையைச் சிறுவராய்க் கண்டவர்கள் எஞ்சியிருந்தால் இன்று தொண்ணூறைத் தொட்டிருப்பர்.

எனவே வாசக அன்பர்களே, நம் பரணில் வான்குடை வண்டி அகப்படுமென்று ஆசைகொள்ள வேண்டா. போர்க்காலத்து மிதிவண்டி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சாதாரண வண்டியே. ஆகையால் உங்கள் தாத்தாவின் ராலே வண்டியும், 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் பழைய ஹெர்குலிஸ் வண்டியும் போற்றுதற்குரியனவே. அவற்றைக் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்காரரிடம் எடை போடும் வழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடன்று.

பளபளப்பாக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைப்பதையும் நான் விரும்பவில்லை. புது வண்ணம் பூசினால் பழைய எழுத்தும் சின்னமும் மறையும். துருவை எண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைப்பதே போதும். தோல் இருக்கையை வெயிலில் காயவிடக் கூடாது. பிரேக் கம்பிகளையும் முன்கவையில் விரிசல் உண்டா என்பதையும் பார்க்காமல் ஏற வேண்டா. சிறுவர் ஓட்டும் வண்டியாயின் இதில் இருமடங்கு கவனம் வேண்டும். நல்வாய்ப்பாக, நம்மூர்ப் பெரிய வண்டியின் 28 அங்குல டயர் இங்கே இன்னும் கிடைக்கிறது. 

ஓட்டத் தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். சட்டத்தில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எவருடையது, எந்த யாண்டில் எங்கு வாங்கியது, அதில் எவரெவர் எங்கெங்குச் சென்றனர் என்று வீட்டு முதியோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மலாயா சென்று திரும்பிய குடும்பமாயின், ‘ரஜூலா’ கப்பலில் ஏறிய நாளிலிருந்தே கேளுங்கள். அத்தாளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, இருக்கைக்குப் பின்னுள்ள கருவிப் பையில் வைத்துவிடுங்கள்.