எச்சத்தின் மிச்சம்

தில்லியின் குடியிருப்புக் காலனிகளில் காலை ஆறு மணிக்கே இளைஞர்கள் கையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துணியுமாக இறங்கிவிடுகிறார்கள். மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு கார். உரிமையாளர்கள் அலுவலகம் கிளம்புவதற்குள் பத்துப் பதினைந்து கார்களையாவது துடைத்தாக வேண்டும். வேப்ப மரத்தடியில் நிற்கும் காரின் பானெட்டில் மைனா போட்டதோ, மாடி விளிம்பிலிருந்து புறா போட்டதோ காய்ந்து கிடக்கும். துணியை அழுத்தி நாலு தேய்ப்பு. வெள்ளை போய்விடும். ஒரு வாரம் கழித்து, மாலை வெயிலில் பார்க்கும்போது அந்த இடத்தில் மங்கலான ஒரு வட்டமும் அதைச் சுற்றி மெல்லிய கீறல்களும் தெரியும். திட்டு வாங்குவது துடைத்த பையன்.

கீறல்களுக்கு வேண்டுமானால் அவன் பொறுப்பு. வட்டத்துக்குப் பொறுப்பு வெயிலும், காரை இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தவரும்தான்.

பறவைகள் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. மனித உடலில் யூரியாவாகக் கரைந்து வெளியேறும் கழிவு, அவற்றின் உடலிலிருந்து யூரிக் அமிலமாக, கெட்டியான வெள்ளைப் பசையாக வருகிறது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. கூடவே இருக்கும் கரும்பகுதி மலம். அதில் செரிமான என்சைம்களின் மிச்சம் இருக்கும். ஆலம்பழமோ அரசம்பழமோ தின்ற பறவையென்றால் விதைகள் இருக்கும். புறாவென்றால் தானியத்தை அரைப்பதற்காக அது விழுங்கிய மணலும் இருக்கலாம்.

இது விழுகிற இடம் எப்படிப்பட்டது? இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பளபளப்பு முழுவதும் அதில்தான். கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை.

எச்சத்திலுள்ள அமிலம் பூச்சை அரித்துவிடுகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். விஷயம் அவ்வளவு எளிதானதல்ல. தெஹ்ரானில் அமீர் கபீர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் நிஜ எச்சத்தையும், அதற்கு மாற்றாகப் பாங்கிரியாட்டின் என்ற செரிமான என்சைம் கலவையையும் கிளியர் கோட்டின் மேல் சோதித்துப் பார்த்தார்கள். பூச்சின் வேதிப் பிணைப்புகளை என்சைம்கள் உடைப்பது தெரிந்தது. கார் பாலிஷ் தயாரிக்கும் பிரிட்டிஷ் நிறுவனமான ஆட்டோகிளிம் வேறொரு காரணத்தைச் சொன்னது. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் அதன் மேல் காய்ந்து கெட்டியாகிறது. சூடு தணிந்து பூச்சு சுருங்கும்போது எச்சத்தின் கரடுமுரடான வடிவம் அதில் அச்சாகப் பதிந்துவிடுகிறது. எச்சம் எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு மங்கலாகும்.

இரண்டில் எது பெரிய குற்றவாளி என்பதை வேதியியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். கார்க்காரருக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: எத்தனை மணி நேரம், எவ்வளவு வெயில். குளிர்கால தில்லியில் நாள் முழுக்கக் கிடந்தாலும் தடயமின்றிப் போகக்கூடிய எச்சம், கறுப்புக் காரின் கூரையில் கை வைக்க முடியாத மே மாதத்தில் சில மணி நேரத்திலேயே தடம் பதித்துவிடும்.

எனவே ஞாயிற்றுக்கிழமைக் குளியல்வரை காத்திருக்கக் கூடாது. காரில் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு சுத்தமான துணிகளும் இருந்தால் போதும். முதலில் காரை நிழலுக்குக் கொண்டு போக வேண்டும். நன்றாக நனைத்த துணியை எச்சத்தின் மேல் போர்த்தி ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். ஊறியதும் தேய்க்காமல், துணியோடு சேர்த்து அள்ளி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் மறுபடி ஊற வைக்கலாம். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, இரண்டாவது துணியால் ஒற்றி எடுக்கலாம். நகத்தால் சுரண்டுவது, பாத்திரம் தேய்க்கும் பவுடர், ஸ்கிரப்பர், மண்ணெண்ணெய்த் துணி எல்லாம் விஷப் பரீட்சை.

நனைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பெயின்ட்டைவிட முக்கியமானது. காய்ந்த புறா எச்சத்தைத் தேய்த்தால் எழும் தூசியில் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் இருக்கலாம். தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் கபூத்தர்கானாவை 2025 ஆகஸ்டில் மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியதும், எதிர்ப்பாளர்கள் அதைக் கிழித்ததும், விவகாரம் உயர் நீதிமன்றத்தில் நின்றதும் இந்தக் கவலையால்தான். தினமும் பதினைந்து காரில் அந்தத் தூசியை முகத்துக்கு நேராகக் கிளப்புகிறவன் துடைக்கிற பையன். அவனுக்கு இன்னொரு வாளித் தண்ணீரும் நாலு நல்ல துணியும் கொடுப்பது, அடுத்த மாதம் பாலிஷுக்குக் கொடுப்பதைவிட மலிவு.

தடம் விழுந்துவிட்டால்? அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஈரத்தில் தடம் மறைந்தால் அது மேலோட்டமானது. புதிய தடமென்றால் வெந்நீரில் பிழிந்த துண்டை மேலே போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. சூட்டில் பூச்சு இளகித் தடம் ஓரளவு சமனாவது உண்டு. போகாவிட்டால் மென்மையான பாலிஷ். அதற்கும் மசியாவிட்டால்தான் காம்பவுண்ட்.

இங்கேதான் பழைய பழக்கம் காலை வாருகிறது. அம்பாசடர், பத்மினி காலத்தில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை ‘ரப்பிங்’ போட்டால் வண்டி புதிதாகிவிடும். துணியில் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், யாரும் கவலைப்பட்டதில்லை. இன்று ஒவ்வொரு காம்பவுண்டும் கிளியர் கோட்டின் மெல்லிய இருப்பிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரானையாவது எடுத்துக்கொள்கிறது. போனது திரும்ப வராது. நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் என்றால் கையளவு மெஷினோடு வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. பூச்சின் கனத்தை அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். கடைசி வழி அந்தப் பகுதியை முழுக்க மறுபடி பெயின்ட் செய்வது. மெட்டாலிக் நிறமென்றால் பக்கத்துக் கதவோடு ஒத்துப்போக வைப்பது பெயின்டரின் கைத்திறனைப் பொறுத்தது. வாரன்டியை நம்ப வேண்டாம். பறவை எச்சமும் மரப்பாலும் பொதுவாக விதிவிலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

தடுப்பு முறைகளில் விளம்பரச் சத்தம் அதிகம். மெழுகு நம் ஊர் வெயிலில் சில வாரம் தாங்கும், செயற்கை சீலன்ட் சில மாதம். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போடும் செராமிக் கோட்டிங் கழுவுவதைச் சுலபமாக்குகிறது, உண்மை. ஆனால் அதன் கனமே ஓரிரு மைக்ரான்தான். வெயிலில் நாள் கணக்கில் கிடக்கும் எச்சம் அதிலும் தடம் பதிக்கும். உருப்படியான கவசம் பெயின்ட்டின் மேல் ஒட்டப்படும் பாலியூரித்தேன் படலம். விலைதான் தலை சுற்றவைக்கும். கார் கவர் நல்லதுதான், காரில் தூசி இல்லாதபோது. தூசியின் மேல் போட்டால் காற்றில் கவர் அசைந்து உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

காசில்லாத வழி, நிறுத்தும் முன் தரையைப் பார்ப்பது. மைனாக்களும் காகங்களும் கொக்குகளும் இரவு தங்குவதற்கு வழக்கமான மரத்துக்கே திரும்புகின்றன. அடியில் தரை வெள்ளையாக இருந்தால் பத்தடி தள்ளி நிறுத்தலாம். இதைச் செய்யாமல் மரத்தையே வெட்டச் சொல்லும் குடியிருப்போர் சங்கங்களும் உண்டு. தில்லியில் 1994-ம் வருடச் சட்டப்படி அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றம். தவிர, நிழல் போன பிறகு கிளியர் கோட்டைக் கெடுக்க வெயில் ஒன்றே போதும்.

எத்தனை தள்ளி நிறுத்தினாலும் பக்கவாட்டுக் கண்ணாடிக்குக் கீழே மட்டும் கதவில் எச்சம் வழிகிறதா? அது மரத்திலிருந்து வந்ததல்ல. இனப்பெருக்கக் காலத்தில் புல்புல், தவிட்டுக்குருவி போன்றவை கண்ணாடியில் தெரியும் தங்கள் பிம்பத்தை எல்லை மீறி வந்த எதிரியாக நினைத்து மணிக்கணக்கில் சண்டை போடும். கண்ணாடியை மடக்கி, ஒரு பழைய துணிப்பையை மாட்டிவிட்டால் எதிரி காணாமல் போய்விடுவான்.