பேய்ப் படத்துக்கு அரண்மனை எதற்கு?

அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு பேய்ப் படம் முடிந்து, தியேட்டர் பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போது காதில் விழும் விமர்சனம் அநேகமாக ஒன்றுதான்: "செட்டு செமயா இருக்கு, கதைதான் ஒண்ணும் இல்ல." செட்டு ஒரு இலாகா, கதை வேறு இலாகா என்பதுபோல இந்தப் பேச்சு நடக்கிறது. உண்மையில் அப்படிப் பிரிந்து கிடக்கும்போதுதான் பேய் வீடு வெறும் மரச்சட்டமும் பெயின்ட்டுமாகத் தெரிகிறது.

'சந்திரமுகி' (2005) படத்தைப் பாருங்கள். வேட்டையபுரம் அரண்மனையின் பிரம்மாண்டம் யாரையும் பயமுறுத்தவில்லை. பயம் இருப்பது ஒரு பூட்டிய அறையிலும், அதன் ஜன்னலுக்கு எதிரே உள்ள ஒரு வீட்டிலும்தான். சந்திரமுகியின் காதலன் குணசேகரன் வாழ்ந்தது அந்த எதிர்வீட்டில். அதனால்தான் வேட்டையன் கையில் அவன் செத்தான். இப்போது அதே வீட்டில் வினீத் குடியிருக்கிறார். கங்கா அந்த ஜன்னலருகே வந்து நின்றால் போதும், மீதிக் கதை தானாக நடக்கும். கட்டடத்தின் பிளானே திரைக்கதை. இதற்கு மூலமான, 1993-ல் மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய மலையாளப் படத்துக்குப் பெயரே ஒரு பூட்டு: 'மணிச்சித்ரத்தாழ்'.

'அரண்மனை' வரிசையில் (2014, 2016, 2021, 2024) இந்த வேலை நடப்பதில்லை. அநியாயமாகச் செத்த ஒருவர், ஒரு ஃபிளாஷ்பேக், நடுவில் காமெடி, கடைசியில் சாமி. ஒரு பாகத்து மாளிகையைக் கழற்றி இன்னொரு பாகத்தில் மாட்டினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. வசூலுக்கும் ஆகாது, அது வேற விஷயம்.

காசு கொட்டினால்தான் காட்சி வரும் என்பதும் இல்லை. 'பீட்சா'வில் (2012) கார்த்திக் சுப்புராஜ் ஒரு பங்களாவை இருட்டாக்கி, விஜய் சேதுபதி கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தார், அவ்வளவுதான். படம் பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடலாம்: அங்கே பேயே கிடையாது, திருட்டை மறைக்க அவன் அளக்கும் கதைதான் அந்த இருட்டு முழுக்க.

ஹாலிவுட்டிலும் இதே புகார் உண்டு. 'கிரிம்சன் பீக்' (2015) படத்துக்காக கில்லர்மோ டெல் டோரோ மூன்று மாடி மாளிகையையே செட்டாகக் கட்டினார். சிவப்புக் களிமண்ணில் மெல்லப் புதையும் அந்த வீடு கண்ணை விட்டு அகலாது. ஆனால் யார் குற்றவாளி என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் சுவரை மட்டும் எவ்வளவு நேரம் பார்ப்பது?

சென்னையின் மேற்குப் புறநகருக்கு நெருக்கமான பேய் வீடு 'யாவரும் நலம்' (2009) படத்தில் இருக்கிறது. விக்ரம் கே.குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. புதிதாக வாங்கிய ஃபிளாட், எண் 13பி. ஒட்டடை இல்லை, சரவிளக்கு இல்லை. மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. பால் திரிந்துபோகும். பூஜையறைச் சுவரில் ஆணி இறங்காது. டி.வி. சீரியலில் இவர்கள் வீட்டுச் சமாசாரமே ஓடும். பாட்டி முதல் குழந்தை வரை எல்லோரும் சகஜமாக இருப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஜமீன் மாளிகையில் பேய் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இருபது வருஷ லோன் போட்டு ஆவடியில் வாங்கிய ஃபிளாட்டில் பேய் என்றால் எங்கே போவது? அந்தக் கேள்வியை எந்த செட்டும் உண்டாக்காது.

பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஃபிலிம் சிட்டிக்கு அடுத்த மாளிகையை செட் போடப் போகிறவர்கள், வழியில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். லிஃப்ட் இன்னும் மாட்டியிருக்காது. இ.எம்.ஐ. ஆரம்பித்திருக்கும்.